வீட்டுப் போட்டோக்களுக்கு எந்த மென்பொருள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

வீட்டு விசேஷம், கோயில், ஏலகிரிப் பயணம், பிள்ளைகளின் ஆண்டு விழா என்று போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கிறவன் நான். தொழில் வேறு, இது ஆசைக்கு. கையில் ஒரு கேமரா, வீட்டில் ஆளுக்கொரு போன். "எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று சொந்தக்காரர்களில் யாராவது கேட்டபடியே இருக்கிறார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். இந்த மென்பொருள் நாளைக்கு இல்லாமல் போனால், இதில் உட்கார்ந்து நான் செய்த வேலையெல்லாம் எங்கே இருக்கும்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பிகாசா வைத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 2004-இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. முகத்துக்குப் பெயர் போடலாம், கோணலை நிமிர்த்தலாம், சிவந்த கண்ணைச் சரிசெய்யலாம். பழைய கணினியிலும் வேகமாக ஓடும். அருமையான மென்பொருள், இன்றைக்கும் சொல்வேன். 2016 மார்ச்சில் அதற்கான ஆதரவு நின்றுவிட்டது. ஏற்கெனவே போட்டிருந்த கணினியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிகாசாவில் செய்த திருத்தம் போட்டோவுக்குள் போகாது. அந்தந்த போல்டரிலேயே ஒரு சின்னக் கோப்பில் குறிப்பாக நிற்கும். 'சேவ்' கொடுத்தால்தான் திருத்திய படம் எழுதப்படும், மூலப்படம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு போல்டருக்குப் போகும். அந்தக் குறிப்பை வேறு மென்பொருள்கள் படிப்பதில்லை. தாத்தா, பெரியம்மா என்று முகத்துக்குப் போட்ட பெயர்களும், தனியாகச் சொல்லி எழுதவைத்தால் தவிர, பிகாசாவின் கணக்கிலேயே தங்கிவிடும்.

போட்டோ கோப்புக்குள்ளேயே எழுத இடம் இருக்கிறது. எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம் எல்லாம் எக்ஸிஃப் என்ற பகுதியில் தானாகவே பதிவாகும். பெயர், ஊர், விசேஷம், இரண்டு வரிக் குறிப்பு இவற்றை எழுத எக்ஸ்எம்பி என்ற முறை இருக்கிறது. அடோபி 2001-இல் கொண்டுவந்தது. அது யூனிகோடில் எழுதுவதால் தமிழிலேயே எழுதலாம். 'ஆயா, சோளிங்கர், அடிவாரம்' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்தப் படம் எந்தக் கணினிக்குப் போனாலும் பெயரும் கூடவே போகும்.

இந்தக் காரணத்துக்காகவே நான் டிஜிகாம் என்ற மென்பொருளுக்கு வந்தேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பார்க்க அழகாக இருக்காது. மெனுவைத் திறந்தால் புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். போட்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அமைப்புகளில் 'மெட்டாடேட்டா' (படத்தைப் பற்றிய விவரங்கள்) பக்கத்துக்குப் போய், பெயர்ச்சீட்டு ('டேக்'), குறிப்பு, முகம், நட்சத்திர மதிப்பு எல்லாவற்றையும் படத்துக்குள் எழுதச் சொல்லி டிக் போடுவது. இதைச் செய்யாவிட்டால் டிஜிகாமிலும் அதே பிகாசா கதைதான்: வேலை முழுக்க அதன் தரவுத்தளத்தில் தங்கிவிடும்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது நேரம் திருத்தும் வசதி. தங்கை கல்யாணம் காட்பாடியில் நடந்தது. என் கேமரா, மச்சான் கேமரா, இரண்டு பேர் போன் என்று நாலு இடத்திலிருந்து படங்கள் வந்தன. தேதிப்படி அடுக்கினால் ஊஞ்சலுக்கு முன்னால் பந்தி நிற்கிறது, தாலி கட்டிய பிறகு காசி யாத்திரை வருகிறது. மச்சான் கேமராவின் கடிகாரம் வேறு ஏதோ நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தாலி முடிச்சு போடும் அந்த ஒரு நொடியை எல்லோருமே எடுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் படத்திலும் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்தேன். போனின் நேரத்தைச் சரியென்று வைத்து, மற்றவை எவ்வளவு முன்னே பின்னே இருக்கின்றன என்று கணக்குப் போட்டு, அந்தந்தக் கேமராவின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அத்தனை மணி, அத்தனை நிமிடம் நகர்த்தினேன். கல்யாணம் நடந்த வரிசையிலேயே வந்து நின்றது. இதைப் போன் ஆப்பில் ஒவ்வொரு படமாகச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

எடிட்டிங் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுப் படங்களுக்கு வேண்டியது நாலு விஷயம்: கோணலை நிமிர்த்துவது, வேண்டாததை வெட்டுவது, இருண்ட முகத்தை வெளுப்பாக்குவது, நிறத்தைச் சரிசெய்வது. நம் ஊர் வெயிலில் கோட்டைப் பூங்காவில் நடுப்பகலில் எடுத்தால் வானம் வெளுத்துப்போய் முகம் கருத்துத்தான் வரும். நிழலை மட்டும் ஏற்றும் ஒரு பட்டை இருந்தால் போதும். அது போன் ஆப்பிலேயே உண்டு.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் கணினியே கிடையாது. எல்லாம் போன்தான். என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

திருத்துவதற்கு ஸ்னாப்சீட். காசு இல்லை, விளம்பரம் இல்லை. அதில் 'செலக்டிவ்' என்று ஒரு கருவி இருக்கிறது. முகத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சின்னதாக்கி, விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் அந்த முகம் மட்டும் வெளிச்சமாகும். பின்னால் இருக்கிற கோபுரமும் வானமும் அப்படியே இருக்கும். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். கத்திரி வெயிலில் கூட்டத்துக்கு நடுவே எடுக்கிற படம். கையைத் தூக்கி எடுப்பதால் எல்லாமே சாய்ந்திருக்கும், முகமெல்லாம் நிழலில் இருக்கும். நிமிர்த்துவது, செலக்டிவ், இந்த இரண்டோடு முடித்துவிடுவேன். பில்டர் போடுவதே இல்லை. மஞ்சளும் குங்குமமும் இருக்கிற படத்தில் பில்டர் போட்டால் நிறம் கெட்டுவிடுகிறது.

அடுக்கி வைப்பதற்கு கூகுள் போட்டோஸ். 2021 ஜூனுக்கு முன்னால் கொஞ்சம் சுருக்கிய தரத்தில் கணக்கில்லாமல் ஏற்றலாம். இப்போது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். அதனால் மாதக் கடைசியில் உட்கார்ந்து கழிப்பது பழக்கமாகிவிட்டது. ஒரே காட்சியை ஏழெட்டு தடவை எடுத்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவேன். 'குட் மார்னிங்' படங்கள் முதலில் போகும். கழித்த பிறகு பார்த்தால் ஆல்பம் படிக்கிற மாதிரி இருக்கிறது. எந்த ஆப் போட்டாலும் இந்தக் கழிக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது அண்ணா.

முகம் பிரிக்கும் வசதி பற்றி ஒன்று. என் பையனுக்கு ரத்தினகிரியில் மொட்டை அடித்தோம். அதற்கு முந்தின நாள் வரை ஓர் ஆளாகவும், மொட்டைக்குப் பிறகு இன்னோர் ஆளாகவும் பிரிந்து நின்றான். அவன் அத்தை பிள்ளை மொட்டையோடு இருந்த படம் ஒன்றும் அவனோடு சேர்ந்துவிட்டது. குழந்தை முகம் வருடா வருடம் மாறுகிறது, இயந்திரம் என்ன செய்யும்? இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட வசதி இருக்கிறது. தப்பாகச் சேர்ந்ததை நீக்கவும் முடியும். வருடம் ஒருமுறை இதைப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். போட்டோஸில் நான் எழுதுகிற குறிப்பும் திருத்துகிற தேதியும், மொத்தமாக இறக்கும்போது படத்துக்குள் வருமா?

ராணிப்பேட்டையிலிருந்து:

குடியாத்தம் அக்காவின் கேள்விக்கு முதலில் பதில். கூகுளின் 'டேக்அவுட்' வசதி வழியாக மொத்தமாக இறக்கினால் ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்ற தனிக் கோப்பு வரும். நீங்கள் எழுதிய குறிப்பும் மாற்றிய தேதியும் அதில்தான் இருக்கும். கேமரா முதலில் எழுதிய தேதி மட்டும் படத்துக்குள் அப்படியே இருக்கும். ஜேசனில் இருப்பதைப் படத்துக்குள் எழுத எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கட்டளை தட்டிப் பழகியவர் வீட்டில் இருந்தால் கேளுங்கள்.

நான் காசு கொடுத்து அடோபியின் லைட்ரூம் பயன்படுத்துகிறேன். இங்கே பலருக்கு அது வீண் செலவு என்று தோன்றும். என் நியாயத்தைச் சொல்கிறேன். நான் 'ரா' வடிவில், அதாவது கேமரா பதிந்ததை ஜேபெக்காகச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வடிவில் எடுப்பவன். மண்டபத்தில் மேடையில் ஒரு நிற விளக்கு, பந்தியில் டியூப் லைட், வாசலில் சீரியல் செட். மஞ்சளும் ஊதாவும் கலந்து முகத்தில் விழும். ரா-வில் எடுத்தால் வெள்ளைச் சமநிலையை ('ஒயிட் பேலன்ஸ்') பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வேட்டியில் வெள்ளையான ஓர் இடத்தைத் தொட்டால் நிறம் ஒழுங்குக்கு வரும். ஒரு படத்தில் செய்ததை அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படத்துக்கும் ஒரே தட்டில் பரப்பலாம். இதற்காகத்தான் கொடுக்கிறேன். மற்றபடி ஜேபெக் எடுக்கிற வீட்டுக்காரருக்கு இது தேவையே இல்லை. ரா எடுத்தும் காசு கொடுக்க விருப்பமில்லை என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை.

ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் கடைசி லைட்ரூம் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு சந்தாதான். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் சத்துவாச்சாரி சார் கேட்ட கேள்வி. லைட்ரூமின் கணினிப் பதிப்பான 'கிளாசிக்'கைத் திறக்கலாம், படங்களைப் பார்க்கலாம், வெளியே ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதி இதிலும் இருக்கிறது. ஆனால் நாமாகத்தான் போட்டுவைக்க வேண்டும். போட்டுவைத்தால் நட்சத்திரம், பெயர்ச்சீட்டு, குறிப்பு எல்லாம் வேறு மென்பொருளிலும் தெரியும். நிறத் திருத்தம் அப்படிப் போகாது. ஒவ்வொரு நிறுவனமும் நிறத்தைத் தன் கணக்குப்படிதான் செய்கிறது. அதனால் முக்கியமான படங்களைத் திருத்தியதும் முழு அளவு ஜேபெக்காகவும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுகிறேன்.

பள்ளிகொண்டாவிலிருந்து:

மென்பொருள் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் உறவில் ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வருகிறது. பக்கத்திலேயே ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடியும் இருந்தது. பாலாற்றில் மணலைத் தவிர எதையும் பார்க்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள், வெள்ளத்தை யார் நினைத்தார்கள்? இப்போது ஹார்ட் டிஸ்க் ஒன்று எங்கள் வீட்டில், அதன் நகல் திருப்பத்தூரில் தங்கை வீட்டில். பொங்கலுக்குப் போகும்போது புதிய படங்களை அதில் சேர்த்துவிட்டு வருவேன். ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

தப்பித்த ஆல்பங்களை ஸ்கேன் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். எல்லாமே இன்றைய தேதியில் போய் உட்காருகின்றன. நைனாவின் கல்யாணம் நேற்று நடந்த மாதிரி காட்டுகிறது. இதற்கு வழி உண்டா?

சத்துவாச்சாரியிலிருந்து:

உண்டு அண்ணே. ஸ்கேனர் ஸ்கேன் செய்த நாளைத்தான் எழுதும். டிஜிகாமில் அந்தப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நான் சொன்ன அதே நேரம் திருத்தும் இடத்தில் தேதியை நேரடியாக எழுதிக் கொடுக்கலாம். வருடம் மட்டும் தெரிந்தால் அந்த வருடத்து ஜனவரி 1 என்று போட்டுவிட்டு, 'தேதி தோராயம்' என்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுங்கள். பின்னால் யாராவது சரியான நாளைச் சொன்னால் அந்தச் சீட்டை வைத்துத் தேடி எடுத்து மாற்றலாம். போல்டர் பெயரில் வருடத்தை முன்னால் வையுங்கள், '1984 நைனா கல்யாணம்' என்கிற மாதிரி. வரிசை தானாகவே வந்துவிடும்.

ஆல்பத்தில் இருக்கிற படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பேனாவில் பெயரும் ஸ்டுடியோ முத்திரையும் இருக்கும். அதில் இருப்பதை அப்படியே படத்தின் குறிப்பில் தட்டச்சு செய்துவிடுங்கள். பெயர் தெரியாத முகங்களை ஒரு டேப்லெட்டிலோ டிவியிலோ போட்டு, வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். எங்கள் ஆயா போன் திரையில் யாரையும் அடையாளம் சொல்லவில்லை. டிவியில் பெரிதாகக் காட்டியதும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார், பக்கத்தில் உட்கார்ந்து அப்போதே எழுதிக்கொண்டேன். மென்பொருள் எதுவென்று முடிவு செய்வது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், எல்லோருக்கும் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் உள்ளே இருக்கும் விவரங்களும் உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரில் ஒரு தேதி தெரியும், அதை எடுத்த நாள் என்று நம்ப முடியாது. கல்யாணத்தில் மற்றவர்கள் எடுத்ததைக் கேட்டு வாங்கும்போது 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும். குடியாத்தம் தங்கச்சி, சிரசுத் திருவிழாப் படங்களை யார் வீட்டுக் கணினியிலாவது டிஜிகாம் போட்டுப் பார்ப்பதாக இருந்தால், கூட்டத்தில் இருக்கிற ஊர்க்காரர் முகங்களையெல்லாம் 'இது யார்?' என்று கேட்கும். 'புறக்கணி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அதை அழுத்துங்கள்.