'எக்ஸாஸ்ட் லீக்' – தமிழில் என்ன சொல்லலாம்?

சேலத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கான பழுதுபார்ப்புக் குறிப்புகளில் ஓரிடத்தில் சொல் தட்டுகிறது. பட்டறையில் "சைலன்சர் அடிக்குது" என்பார்கள், இல்லையென்றால் "பேக்கிங் போயிடுச்சு" (இணைப்பை அடைக்கும் தகடான கேஸ்கட் கெட்டுவிட்டது) என்பார்கள். முதலாவது சத்தத்தைச் சொல்கிறது, இரண்டாவது காரணத்தை ஊகிக்கிறது. எரிந்த வாயு வெளியேறும் வழியில் கசிகிற இந்தப் பழுதுக்கென்று பெயர் இல்லை. சிலிண்டர் ஹெட்டிலிருந்து டெயில் பைப் முனை வரை எங்கே இடைவெளி விழுந்தாலும் பொருந்துகிற ஒரே சொல் வேண்டும். நான் முன்வைப்பது: புகைக்கசிவு. சின்னச் சொல், கேட்டதும் புரியும்.

கோவையிலிருந்து:

ஐயா, சொல் சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அதில் 'புகை' வேண்டவே வேண்டாம். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இன்ஜின் சூடேறிய பிறகு அது வெளியே விடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைக்கசிவு என்று படிப்பவர் புகையைத்தான் தேடுவார். தெரியாவிட்டால் பானட்டை மூடிவிட்டுப் போய்விடுவார். பழைய அம்பாசடரில் ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர்கள் காய்ந்து வெடித்திருக்கும், தரைத் தகட்டில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அந்த வழியாக வாயு உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம்தான் வரும்.

'கழிவாயுக் கசிவு' என்று வைக்கலாம். கசிவு என்றால் நீரும் எண்ணெயும்தானே என்று கேட்பவர்களுக்கு: போபால் விஷவாயுக் கசிவு என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம்.

சொல்லோடு சோதனை முறையும் போக வேண்டும், இல்லாவிட்டால் டேப்பட் (வால்வைத் திறக்கும் பகுதி) சத்தத்தோடு குழப்பிக்கொள்வார்கள். ஒரே சிலிண்டருக்கான எக்ஸாஸ்ட் போர்ட்டில் (ஹெட்டில் கழிவாயு வெளியேறும் வாய்) கசிந்தாலும், ஒரு டேப்பட் தளர்ந்தாலும், இன்ஜினின் இரண்டு சுற்றுக்கு ஒரு 'டிக்' கேட்கும். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 400. எண்ணிப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள். அந்த வயரின் முனையில் ஓர் உபரி பிளக்கைச் செருகி, அதன் உடல் எர்த்தில் படும்படி வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வயரைச் சும்மா தொங்க விட்டால் காயில் கெடும். சத்தம் அடங்கினால் அந்த சிலிண்டரின் போர்ட்டில் கசிவு, எந்த சிலிண்டரை நிறுத்தினாலும் மாறாமல் இருந்தால் டேப்பட். இந்த ஹெட்டில் எக்ஸாஸ்ட் போர்ட்டுகள் மூன்றே. நடுப்போர்ட் 2, 3 இரண்டு சிலிண்டருக்கும் பொது. அங்கே கசிந்தால் இரண்டில் எதை நிறுத்தினாலும் சத்தம் பாதிதான் குறையும்.

இதை வண்டி ஆறிக்கிடக்கும்போது, முதல் ஓரிரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு சூடாகி விரிந்ததும் மெல்லிய இடைவெளிகள் மூடிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். மறுபடி ஆறவிட்டுத்தான் அடுத்த சிலிண்டருக்குப் போக முடியும். அவசரப்பட்டால் பலனில்லை. எல்லாம் திறந்தவெளியில் நடக்கட்டும், ஷெட்டுக்குள் வேண்டாம்.

இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் ஓரமாக, ஃபேன் பெல்ட்டுக்கு எட்டாமல் நகர்த்துங்கள். இரும்புக் கம்பி இதற்கு உதவாது. அது உலோக அதிர்வைத்தான் காதுக்குக் கொண்டுவரும், கசிவின் சத்தமோ காற்றில் வருவது. இன்னொரு வழி, இன்ஜின் ஆறி நிற்கும்போது வேக்குவம் கிளீனரின் காற்று தள்ளும் பக்கத்தை டெயில் பைப்பில் துணி சுற்றிப் பொருத்துவது. பிறகு இணைப்புகளில் சோப்பு நீர் அடித்தால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். சூடான மேனிஃபோல்டில் (போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வார்ப்புக் குழாய்) இதை அடித்தால் வார்ப்பு விரிசல் விடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். 'கழிவளி' என்று போடாமல் 'கழிவாயு' என்று எழுதியது நல்லது. எங்கள் பாடநூல்களில் வளி என்றால் காற்று. பேச்சில் நாங்கள் 'ஒழுக்கு' என்போம், ஆனாலும் கசிவு எல்லாருக்கும் விளங்கும்.

விளக்கத்தில் ஒன்று சேர வேண்டும். இது வெளியே போவது மட்டும் அல்ல. கழிவாயு துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறையும், அப்போது அதே இடைவெளியால் காற்று உள்ளே இழுபடும். அக்சிலரேற்றரை விட்டதும் எரியாமல் வரும் பெற்றோல் அந்தக் காற்றோடு சேர்ந்து 'பட் பட்' என்று வெடிக்கும். காபரேற்றரைக் கழற்ற முதல் மேனிஃபோல்டைப் பாருங்கோ.

இனி காரணம். மொரிஸ் மைனரும் உங்கள் அம்பாசடரும் இதில் ஒரே குடும்பம். இன்லெற்றும் (காற்றும் பெற்றோலும் உள்ளே போகும் வழி) எக்ஸோஸ்ற்றும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே காஸ்கெற்றில் இருக்கின்றன. சில ஸ்ரட்டுகளில் (ஹெட்டில் நிற்கும், நட்டுப் பூட்டும் தண்டுகளில்) ஒரு தடித்த வாசர் இரண்டு மேனிஃபோல்டின் விளிம்பையும் ஒன்றாக அமத்துகிறது. இரண்டு விளிம்பும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் அது வேலை செய்யும். கோணிப்போன எக்ஸோஸ்ற் மேனிஃபோல்டை லேத்தில் சீவினால் அதன் விளிம்பு மெலிந்துவிடும். வாசர் சாய்ந்து இன்லெற்றை மட்டும் அமத்தும், எக்ஸோஸ்ற் பக்கம் பிடியில்லாமல் நிற்கும். எத்தனை காஸ்கெற் மாற்றினாலும் கசியும். நட்டை இன்னும் இறுக்கினால் ஸ்ரட்தான் முறியும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிச் சேர்த்தே சீவ வேண்டும், அல்லது வித்தியாசத்தை ஃபீலர் கேஜால் (மெல்லிய இடைவெளியை அளக்கும் தகடுகள்) அளந்து அந்த அளவுக்குப் படி வெட்டிய வாசர் செய்ய வேண்டும்.

பூட்டும்போது பித்தளை நட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர். ஒருமுறை சூடாக்கி முழுவதும் ஆறிய பிறகு திரும்ப இறுக்க வேண்டும். பழைய காஸ்கெற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், காயச் சுரண்டாமல் நனைத்து எடுங்கோ. கீழே போகும் குழாயைத் தாங்கும் பிடியும் முக்கியம். அது உடைந்திருந்தால் எஞ்சின் ஆடும் ஆட்டம் முழுவதும் மேல் இணைப்பில் விழும், புதுக் காஸ்கெற்றும் நிலைக்காது.

சேலத்திலிருந்து:

புகையை எடுத்துவிடுகிறேன். வாகனம் ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட சொல்லில் சுருக்கத்துக்காக வாதாட மாட்டேன். பதிவு இப்படிப் போகிறது:

கழிவாயுக் கசிவு: சிலிண்டர் ஹெட்டுக்கும் டெயில் பைப் முனைக்கும் இடையில், இணைப்பிலோ விரிசலிலோ துருவோட்டையிலோ கழிவாயு வெளியேறுவதும், துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உட்புகுவதும். கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம். இடத்தைக் குறிக்க: போர்ட்டுக் கசிவு, இணைப்புக் கசிவு, விரிசல் கசிவு.

மேனிஃபோல்டு, கேஸ்கட், ஸ்டட் மூன்றையும் அப்படியே விடுகிறேன், கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். இரண்டு விளிம்பையும் அமத்தும் அந்த வாசருக்கு மட்டும் பெயர் வேண்டும், சாதா வாசர் என்று வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். 'இணைவாசர்' சரிப்படுமா?

கோவையிலிருந்து:

'இருவிளிம்பு வாசர்' என்று போடுங்கள் ஐயா. எங்கே உட்கார வேண்டும் என்பது பெயரிலேயே வந்துவிடும்.