மறுமொழி: டிஜிட்டல் மேமோகிராபிக்குத் தமிழில் என்ன?

> "இலக்கமுறை முலை ஊடுகதிர் வரைவியல்" எனலாம். பொருள் பிசகாது.

பொருள் பிசகாதுதான், அண்ணே. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எக்ஸ்ரேதானே அது. ஆனால் காரைக்குடி முகாமுக்கு அடிக்கப்போகும் நோட்டீசில் இதைப் போட்டால் எந்த ஆச்சியும் வாய்விட்டுப் படிக்கமாட்டார். 'கொங்கை' பாட்டுக்குச் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ஆகாது. 'மார்பு எக்ஸ்ரே' என்றால் நெஞ்சுச்சளிக்கு எடுப்பதோடு குழம்பும். ஆகவே 'மார்பகம்'.

'கதிர்' வேண்டாம் என்பேன். அதைக் கேட்டதுமே, "கரண்டு வைக்கப்போறாங்களா?" என்று பயந்துவிடுகிறார்கள். என் பரிந்துரை: எண்ணிம மார்பகப் படம்.

'எண்ணிம', அதாவது டிஜிட்டல், எதற்கு என்று கேட்பீர்கள். பழைய முறையில் பிலிமில் விழுந்தது விழுந்ததுதான். கழுவிய பிறகே சரியில்லை என்று தெரியும். இதில் அப்போதே திரையில் தெரிந்துவிடும், தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவரை இன்னொரு நாள் அலைக்கழிக்க வேண்டாம். மதுரை டாக்டருக்கும் உடனே அனுப்பலாம். இதைவிடப் பெரிய விஷயம், அடர்த்தியான திசு படத்தில் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளை. திரையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, ஓர் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது எளிதாகிறது. 2005இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் 49,500க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். மொத்தத்தில் இரண்டு முறையும் ஏறக்குறைய சமம். 50 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கும் டிஜிட்டல் மேல். கதிரளவும் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவது மட்டும் அப்படியேதான். அதை நோட்டீசில் மறைக்கக் கூடாது.

---

> எண்ணிம மார்பகப் படம்

சரிம்மா, 'எண்ணிம' இருக்கட்டும், இலக்கமுறையை விட்டுவிடுகிறேன். ஆனால் கதிரை எடுத்துவிட்டால் எப்படி? அல்ட்ராசவுண்டும் மார்பகத்தைப் படம்தான் எடுக்கிறது, எம்.ஆர்.ஐ.யும் அப்படியே. சொற்பட்டியலில் 'எண்ணிம மார்பகக் கதிர்ப்படம்' என்றே போடுவோம். எடுக்கும் முறைக்குக் 'கதிர்ப்படமெடுப்பு'. நோட்டீசில் உங்கள் சொல்லே போகட்டும், பக்கத்திலேயே 'மேமோகிராம்' என்றும் சேர்த்துவிடுங்கள்; டாக்டர் எழுதித் தரும் சீட்டில் அதுதானே இருக்கும்.

அப்புறம் டோமோசிந்தசிஸ். பல கோணங்களில் எடுத்து, மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டுவது. 'மார்பக அடுக்குப்படம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.