ஃபிஷ் பை அடியில் தண்ணீர் நிற்கிறது, ஏன்?

லண்டன் அடுப்படி:
4, 7 வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஒரு ஃபிஷ் பை (பால் சாஸில் மீன் போட்டு, மேலே கிழங்கு மசியல் பரப்பி ஓவனில் வைப்பது) வேணும், நாலு பேருக்கு. இப்போ போடும் அளவு: ஃப்ரீஸர் காட் மீன் 400 கிராம், பால் 500 மில்லி, வெண்ணெய் 30, மைதா 30, மேலே 700 கிராம் உருளைக்கிழங்கு மசியல். மீனைப் பச்சையாகவே போட்டு 200 டிகிரியில் 35 நிமிஷம். கரண்டி வைத்தால் அடியில் தண்ணீர். மசியல் பாதி உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. க்ரீம் சேர்க்காமல் சரிசெய்ய வழி உண்டா? முள் பயமும் இருக்கு.

கடல்நண்டு:
தண்ணீர் மீனிலிருந்துதான் வருது. உறைந்த மீன் இளகும்போதும் வேகும்போதும் விடுகிற நீர் முழுக்க சாஸில் கலக்கும். உங்க சாஸ் ஏற்கெனவே இளசு, அதனால் தாங்காது.

முந்தின ராத்திரியே மீனை ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, பேப்பர் டவலில் ஒற்றி எடுங்க. 400 மில்லி குளிர்ந்த பாலில் மீன், பிரிஞ்சி இலை, பாதி வெங்காயம் போட்டு மிதமான தீயில் வைங்க. ஓரத்தில் குமிழி வந்ததும் தீயைக் குறைத்து 5 நிமிஷம், பிறகு மீனைத் தட்டில் எடுத்துடுங்க. அந்தப் பாலை வடிகட்டுங்க, சாஸுக்கு அதுதான். வெண்ணெய் 40, மைதா 40 கிராமை 2 நிமிஷம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிளறுங்க. மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கணும், அதுதான் பதம்.

மசியல் அமிழ்வதற்குக் காரணம் சூடான சாஸ். மீன், பட்டாணி, சாஸ் எல்லாம் பாத்திரத்தில் 20 நிமிஷம் ஆறி மேலே ஏடு கட்டட்டும். மசியலை ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரப்புங்க. நடுவில் கொட்டித் தள்ளினால் சாஸ் ஓரமாகப் பிதுங்கி வழியும். வெந்தபின் 10 நிமிஷம் விட்டுப் பரிமாறுங்க.

பூரிக்கட்டை:
பிள்ளைகளோடு செய்றதுக்கு வேகவைத்த மீன்தான் சரி, முள் கண்ணுக்குத் தெரியும். ஆறியதும் பெரியவர் ஒருவர் மீனைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்க்கணும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடக்கூடாது. 4 வயசுக்கு அவித்த முட்டை உரிப்பது, பார்ஸ்லி கிள்ளுவது, பட்டாணி அளப்பது போதும். 7 வயசு மசிக்கலாம், சீஸ் துருவலாம், கடைசியில் முள்கரண்டியால் வரி போடலாம். அந்த வரிகளின் மேடுதான் ஓவனில் மொறுமொறுப்பாகும், அவசரப்படுத்தாதீங்க. பச்சை மீன் தொட்ட கை சோப்பில் கழுவணும்.

உப்பில் கவனம். 4-6 வயசுக்கு நாளைக்கு 3 கிராம், 7-10க்கு 5 கிராம்தான் உச்சம் என்பது பிரிட்டிஷ் அளவு. புகைபோட்ட ஹாடக் மீன் சேர்த்தால் 100 கிராமோடு நிறுத்தி, சாஸில் உப்பே போடாதீங்க. காட் மீனில் 150 கிராமைக் குறைத்து சால்மன் மீன் போட்டால் ஒமேகா-3ம் கிடைக்கும். நன்கு முற்றிய செடார் சீஸ் 40 கிராம் மேலே தூவினால் போதும், வாசனை தூக்கலாக இருக்கும்.

லண்டன் அடுப்படி:
நன்றி. உருளைக்கிழங்கில் பாதிக்குக் காலிஃப்ளவர் போடலாமா? மிக்ஸியில் அடித்தால் மசியல் பசை மாதிரி ஆகுது.

கடல்நண்டு:
மிக்ஸி வேண்டவே வேண்டாம். பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொண்டுவரும், பசை அதனால்தான். மாரிஸ் பைப்பர் மாதிரி மாவுக் கிழங்கை வேகவைத்து வடித்து, அதே பாத்திரத்தில் மூடாமல் 3 நிமிஷம் ஆவி போகவிடுங்க. ஓரங்கள் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுக்கும், அப்போ கையாலேயே மசிங்க. காலிஃப்ளவர் பாதி வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். தண்ணீரில் அவிக்காமல் ஆவியில் வேகவைத்து, துணியில் பிழிந்து சேருங்க. இல்லைன்னா அடியில் நின்ற தண்ணீர் மேலே வந்துடும்.