சிப்ரோவுக்கு அசையாத சல்மனெல்லா: பிழை கோழியிலா, என் குசினியிலா?

கொக்குவில் அம்மா:
ஞாயிறு பக்கத்துக் கடையில் உரித்த கோழி ஒரு கிலோ வாங்கினேன். மஞ்சள் போட்டு அலசி, வெட்டிய பலகையைத் தண்ணீரில் மட்டும் கழுவி, அதிலேயே சம்பலுக்கு வெங்காயம் அரிந்தேன். கறி நன்றாகத்தான் வெந்தது. செவ்வாய் விடியவே மகனுக்குக் காய்ச்சல், வயிற்றாலடி. மலப் பரிசோதனையில் சல்மனெல்லாக் கிருமி, அதுவும் சிப்ரோ என்ற அன்டிபயோட்டிக் மருந்துக்குக் கேட்காததாம். கோழிக் கிருமிக்கு எங்கள் மருந்து எப்படிப் பழகியது? இனி இன்னும் கூட நேரம் அவிக்கவா?

ஓய்வுபெற்ற மிருக வைத்தியர்:
தங்கச்சி, நோயே இல்லாத கோழிக்கும் வளர்ச்சிக்கென்று அன்டிபயோட்டிக் கொடுத்தால், அதைத் தாங்கும் கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். எதிர்ப்பு மரபணுவை மற்றக் கிருமிக்குக் கைமாற்றியும் விடும். இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2017 இலேயே கேட்டுக்கொண்டது. ஆனால் மருந்துக்கு அசையாததும் நெருப்புக்கு அசையும். இறைச்சியின் உள்ளே 74 பாகை செல்சியஸ் வந்தால் போதும்.

வார்ட் அக்கா:
எனக்குச் சம்பலில்தான் சந்தேகம், அது அடுப்பையே காணவில்லையே! மஞ்சள் கிருமியைக் கொல்லாது, அலசும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்துக் கோப்பை வரை போகும். பலருக்கு அன்டிபயோட்டிக் இல்லாமலே மாறிவிடும், நீரிழப்புக்குக் கொடுக்கிற ஜீவனித் தூளைக் கரைத்துக் கொடுங்கள். காய்ச்சல் விடாவிட்டாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

கொக்குவில் அம்மா:
சரி அக்கா. பலகையைத் திருப்பிப் பார்த்தேன், கத்திக் கீறலுக்குள் மஞ்சள் அப்படியே நிற்கிறது. இறைச்சிக்கு வேறு பலகை வாங்கப் போகிறேன்.