யூசர்மாடை அக்செப்ட் செய்யலாமா?

ஐந்துரோடு அசெம்பிளர்: "யூசர்மாடை அக்செப்ட் செய்தால்தான் எஸ்எம்பி/இ கணக்கு சுத்தமாக இருக்கும்" என்று நேற்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். புதிதாகப் படிப்பவர்களுக்கு: யூசர்மாடு என்றால் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் மென்பொருளில் நாமே செய்யும் மாற்றம்; எஸ்எம்பி/இ அதை ஏற்றிக் கணக்கு வைக்கும் கருவி. அப்ளை என்றால் ஓடும் லைப்ரரியில் ஏற்றுவது; அக்செப்ட் என்றால் அசல் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் லைப்ரரியிலும் ஏற்றுவது. காபி புரையேறிவிட்டது. ரிஸ்டோர் (அப்ளை செய்ததைக் கழற்றுவது) கொடுத்தால் பழைய மாட்யூல் (நிரல் துண்டு) எங்கிருந்து வரும்? டிஸ்ட்ரிபியூஷன் லைப்ரரியிலிருந்து. அங்கேயும் நம் கைவேலையை ஏற்றிவிட்டால் ஐபிஎம் கொடுத்த அசலை எங்கே தேடுவது, திருமணிமுத்தாற்றிலா?

ஏற்காடு ஜெஸ்2: தம்பி நான்தான். பேரன் எடுத்தவனைத் தம்பி என்றதற்கு நன்றி. அக்செப்ட் செய்யாமல் வைத்திருங்கள். நாளைக்கு அதே மாட்யூலில் ஒரு பிடிஎஃப் (ஐபிஎம் தரும் திருத்தம்) சொதப்பி, அதை ரிஸ்டோர் செய்யப் போனால் யூசர்மாடையும் சேர்த்துக் கழற்றச் சொல்லும். அப்போது புரியும்.

ஐந்துரோடு அசெம்பிளர்: கழற்றிவிட்டுத் திரும்ப அப்ளை செய்யுங்கள். அக்செப்ட் செய்ததை ரிஸ்டோர் செய்ய முடியுமா? அதற்கு மட்டும் பதில்.

சூரமங்கலம் நைட்ஷிஃப்ட்: அண்ணன்களா, அக்செப்டை விடுங்க. புது பிடிஎஃப்பில் நம் யூசர்மாடு ப்ரீயிலும் (முன்தேவைப் பட்டியல்) இல்லை, சூப்பிலும் (அது உள்ளடக்கிய பழைய மாற்றங்களின் பட்டியல்) இல்லை என்றால் அப்ளை செக்கிலேயே (ஏற்றாமல் பார்க்கும் ஒத்திகை) ஐடி எரர் வந்துவிடும். அதுதானே எச்சரிக்கை? எங்கள் இடத்தில் ஒரு பெரியவர் அவசரத்தில் பைபாஸ் ஐடி (அந்த எரரைக் கண்டுகொள்ளாதே என்பது) போட்டுவிட்டார். எங்கள் மாற்றம் அழிந்துபோனது ஐபிஎல் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து நான் எக்செல்லிலும் எழுதி வைக்கிறேன்.

ஐந்துரோடு அசெம்பிளர்: எக்செல்லா! சிஎஸ்ஐ (எஸ்எம்பி/இயின் பதிவேடு) எதற்கு இருக்கிறது? லிஸ்ட் யூசர்மாட்ஸ் கொடுத்தால் எல்லாம் வரும். அக்செப்ட் செய்யாதவரை.

ஏற்காடு ஜெஸ்2: அக்செப்ட் செய்தாலும் வரும். டிலிப் ஜோனில் (சிஎஸ்ஐயில் டிஸ்ட்ரிபியூஷன் லைப்ரரிக்கான பகுதி) பாருங்கள்.

ஐந்துரோடு அசெம்பிளர்: வரும், ரிஸ்டோர் ஆகாது. மூன்றாவது முறை கேட்கிறேன், ஆகுமா ஆகாதா? சோர்ஸில் கை வைப்பதே தப்பு என்பவன் நான். எக்ஸிட் (ஐபிஎம் நிரல் இடையில் கூப்பிடும் நம் சொந்த நிரல்) எழுதுங்கள். சோர்ஸ் கிடையாது, ஆப்ஜெக்ட் கோடு (இயந்திர மொழியில் மாற்றிய நிரல்) மட்டும்தான் தருவோம் என்று ஐபிஎம் 1983லேயே சொல்லிவிட்டது.

ஏற்காடு ஜெஸ்2: ஜெஸ்2க்கு (மெயின்ஃப்ரேமில் வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதி) இன்னும் சோர்ஸ் வருகிறது ஐயா. உங்கள் எக்ஸிட் மட்டும் எதில் ஏறுகிறது? அதுவும் யூசர்மாடுதான். போன வருஷம் எக்ஸிட் விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐந்துரோடு அசெம்பிளர்: ஓடவில்லை, மகள் கல்யாணம். அழைப்பிதழ் உங்களுக்கும் வந்தது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர முடியாதவர் எங்களுக்கு மெயின்டனன்ஸ் பாடம் எடுக்கிறார்.

ஏற்காடு ஜெஸ்2: அழைப்பிதழ் முகூர்த்தம் முடிந்த மறுநாள் வந்தது. கவர் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சூரமங்கலம் நைட்ஷிஃப்ட்: அண்ணா, ஹோல்டுடேட்டா (எந்தத் திருத்தத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற தகவல்) பற்றி ஒரு சந்தேகம்...

ஐந்துரோடு அசெம்பிளர்: தனி இழை தொடங்குங்கள். கவரைப் போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்கள் அவரை.

ஏற்காடு ஜெஸ்2: மழை, கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. வந்ததும் போடுகிறேன், லிஸ்ட் அவுட்புட்டோடு சேர்த்து.