புதுப்பிப்பு: 25 அடி ஆர்.வி.யில் நெடுஞ்சாலை 49, போய் வந்தாச்சு

வாடகைக்கு எடுத்த 25 அடி ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நெடுஞ்சாலை 49 வழியே இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊர்களைச் சுற்ற முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிகிறது, ஓர் இடம் தவிர.

கோல்டர்வில்லுக்கும் பேர் வேலிக்கும் நடுவே சாலை மெர்செட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுகிறதே, அது வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் கேட்காமல் போனேன். பிரேக் கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் கியரைக் குறைத்து இறங்கவேண்டும் என்ற புத்தி வந்தது. இதற்கிடையே ஒரு வளைவில் அலமாரி திறந்து ரசப்பொடி டப்பா தரையெல்லாம் கொட்டி, இரண்டு நாளைக்கு வண்டியே கமகமத்தது.

கொலோமாதான் மனதில் நின்றது. 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் மர அறுவை ஆலையின் கால்வாயில் தங்கத் துணுக்கைக் கண்ட இடம். இப்போது நிற்பது பின்னால் கட்டிய மாதிரி ஆலை, ஆனால் ஆறு அதே ஆறு. பனி உருகி வரும் தண்ணீரில் கால் வைத்தால் சுரீரென்கிறது, இதில்தான் அந்தக் காலத்தில் தங்கம் தேடி வந்தவர்கள் நாள் முழுக்க நின்று மணல் அரித்திருக்கிறார்கள்!

கிராஸ் வேலியில் எம்பயர் தங்கச் சுரங்கமும் பார்த்தோம். 1956-இல் மூடியது, உள்ளே 367 மைல் சுரங்கப்பாதை.

கொலம்பியா என்ற ஊரில் மகள் மணல் அரிக்கும் தட்டை ஒரு மணி நேரம் ஆட்டி, கடுகில் கால்வாசி இருக்கும், ஒரு பொட்டு தங்கம் எடுத்தாள். அப்புறம் அதைத் தும்மியே தொலைத்துவிட்டாள்.