கிரகாம் பெல்லை எப்படிக் கனடியர் என்று சொல்லலாம்?

பனிமூட்டம்:
‘மாபெரும் கனடியர்கள்’ என்று நேற்று இங்கே ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார். 2004ல் கனடாவின் அரசு ஒலி-ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி நடத்திய வாக்கெடுப்பின் முதல் பத்து. அரசியல்வாதி டாமி டக்ளஸ், புற்றுநோய் நிதிக்காக ஓடிய டெர்ரி ஃபாக்ஸ் எல்லாம் சரி. ஒன்பதாம் இடத்தில் தொலைபேசி கண்ட கிரகாம் பெல்! பிறந்தது எடின்பரோ, 1882ல் வாங்கியது அமெரிக்கக் குடியுரிமை. படிக்கும்போதே எரிச்சல் வந்தது.

கேப் பிரட்டன்காரன்:
பட்டியல் போட்டவன் நான்தான். பெல்லின் கல்லறை கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பாடெக்கில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். 1870ல் குடும்பத்தோடு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரான்ட்ஃபோர்டில் குடியேறியவர். தொலைபேசி யோசனை 1874ல் அங்கேதான் பிறந்தது.

பனிமூட்டம்:
யோசனை யாருக்கும் எங்கேயும் வரும். 1876 மார்ச்சில் காப்புரிமை கொடுத்தது அமெரிக்கா. தொலைபேசியில் முதன்முதலாக உதவியாளர் வாட்சனைக் கூப்பிட்டது பாஸ்டனில்.

கேப் பிரட்டன்காரன்:
அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்ட்ஃபோர்டிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாரிஸுக்கு, ஒன்டாரியோ பாரிஸுக்கு, தந்திக் கம்பியில் குரல் போனதே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? கல்லறை பாடெக்கில்.

ஸ்கார்பரோ நிலா:
1947 ஜனவரி 1க்கு முன்னால் கனடியக் குடியுரிமை என்றே சட்டத்தில் கிடையாது. அதே பட்டியலில் இருக்கும், இன்சுலின் கண்டுபிடித்த பான்டிங் 1941ல் இறந்தபோது பிரிட்டிஷ் பிரஜைதான். யார் கனடியர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம், அந்தப் பத்தில் ஒரு பெண்கூட இல்லை. அதற்கு யாருக்கும் கோபம் வரவில்லையா?

பனிமூட்டம்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். கல்லறை கல்லறை என்கிறாரே, அந்தக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ‘அமெரிக்கக் குடிமகனாக இறந்தார்’. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கேப் பிரட்டன்காரன்:
கல் எந்த மண்ணில் நிற்கிறது? 1909 பிப்ரவரியில் அவர் குழு கட்டிய சில்வர் டார்ட் விமானம் பறந்ததும் அதே பாடெக்கின் உறைந்த ஏரிமேல்தான். போன மாதம் கூடைப்பந்து இழையில் ‘நெய்ஸ்மித் நம்ம ஆள்’ என்று குதித்தது யார்? கூடைப்பந்தை உருவாக்கிய அவரும் 1925ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்தானே? அன்றைக்கு என்னை அரைகுறை என்று திட்டியதை நான் மறக்கவில்லை.

பனிமூட்டம்:
நெய்ஸ்மித் பிறந்தது ஒன்டாரியோ, ஆல்மான்ட். பிறந்த மண் இது.

ஸ்கார்பரோ நிலா:
டக்ளஸ் பிறந்தது ஸ்காட்லாந்தில், ஃபால்கிர்க்கில். அவரை மட்டும் ‘சரி’ என்றீர்களே?

பனிமூட்டம்:
டக்ளஸ் கதை வேறு. கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்தில் 17 ஆண்டு முதல்வராக இருந்தவர். கல்லில் இருக்கும் எழுத்துக்குப் பதில் வரட்டும்.

கேப் பிரட்டன்காரன்:
கல் பாடெக்கில் இருக்கிறது. நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.